கடைசி விலை

விருதுநகர் மிளகாய் மண்டியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால்கூட, இந்த ஆள் எதுவரை இறங்குவான் என்று மனசு ஒரு மூலையில் அளந்துகொண்டிருக்கும். பேராசிரியர் தனுஷ்கோடி அந்த வியாதியை வைத்தே முனைவர் பட்டம் வாங்கியவர். பேரம் என்பது இரண்டு பேர் தங்கள் கடைசி விலையை ஒருவருக்கொருவர் மறைப்பதற்காகச் செலவிடும் நேரம்; அந்த விலையை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்தால் பேரமே வேண்டியதில்லை. நானூறு பக்க ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான்.

வழி கிடைத்தது. வந்த வினையும் அதுதான்.

கணவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினி காற்றில் ஓடுவது. வைகாசியில் காற்றாலைகள் சுற்றத் தொடங்கினால் ஐப்பசி வரை மின்சாரம். நல்ல வருஷத்தில் நூற்றுப்பத்து நாள். மருத்துவம், தொழில்நுட்பம், பொருளியல், பாரம்பரியம் என்று நான்கு துறைகளும் அந்த நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பங்கீட்டுக் கூட்டத்துக்குப் பேராசிரியர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஒரு தடவை தண்ணீர் ஜாடி பறந்தது. அதன் பிறகுதான் தனுஷ்கோடியின் தத்துவத்துக்கு உடம்பு கொடுத்து, தொழில்நுட்பத் துறை துலாக்கோலைக் கட்டியது.

பார்வைக்கு அது ஒரு நாற்காலி. கைப்பிடி இரண்டிலும் செப்புத் தகடு. துறைத்தலைவர் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தகட்டில் வைத்து, எத்தனை நாள் வேண்டும் என்று சொல்வார். சுவரிலிருந்து ஒரு பதமான குரல் அதைவிடக் குறைத்துக் குறைத்துக் கேட்கும். அவர் வாயால் சொல்லும் பதிலை அது பெரிதாக மதிப்பதில்லை. நாடி, வியர்வை, தொண்டை நடுக்கம் எல்லாவற்றையும் வைத்து, எந்த எண்ணைச் சொன்னால் இந்த மனிதர் 'போங்கடா' என்று எழுந்துவிடுவார் என்று கண்டுபிடிக்கும். எழாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய மிகக் குறைந்த எண் எதுவோ, அதைக் கொடுக்கும். வெளியே பலகையில் அந்த எண் எரியும். மிஞ்சிய நாட்களை நிர்வாகம் வெளிக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொள்ளும்.

முதல் வருஷம் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் வருஷம்தான் தனுஷ்கோடிக்கு உறைத்தது: இருப்பதை வைத்துச் சமாளிக்கிறவர்களுக்குச் சமாளிக்கும் அளவுக்கே கிடைக்கிறது. அடுத்த வருஷம் அதற்கும் கீழே. அழிச்சாட்டியம் செய்கிறவர்களுக்கு ஒரு நாளும் குறைவதில்லை.

அந்தச் சித்திரை மாதப் பங்கீட்டு நாளன்று, காலை ஒன்பது மணிக்கு டாக்டர் செய்யதலி பாத்திமா அவர் அறைக்கு வந்தார். மருத்துவத் துறைத்தலைவர். மேலப்பாளையத்துக்காரர். ஒரே கண்ணாடியைப் பத்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவர். அதன் ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருக்கும். அந்த நூலைத்தான் துலாக்கோல் படித்துவிடுகிறது என்று தனுஷ்கோடி நினைத்துக்கொள்வார்.

"பத்தொம்பது பேர் சார்," என்றார் பாத்திமா, உட்காராமலே. "எல்லாம் உப்பளத்துலயும் சூளையிலயும் வெயில்ல நின்னு கிட்னி போனவங்க. மருந்து கேக்குது. ஆனா அளவு ஒரு முடி கூடினா ஆளைக் கொன்னுடும், குறைஞ்சா வேலை செய்யாது. ஒவ்வொரு உடம்புக்கும் தனியா கணக்குப் போடணும். ஆளுக்கு ரெண்டு நாள் கணினி. முப்பத்தெட்டு நாள்."

"கேளுங்க."

"போன வருஷமும் கேட்டேன். பதினாறு பேருக்கு முப்பத்திரண்டு. இருபத்தாறு குடுத்துச்சு. மூணு பேரை நானே கழிச்சேன். வயசு, புள்ளைங்க, யாரு தாங்குவா, யாரு தாங்க மாட்டானு பார்த்து என் கையால கோடு போட்டேன். அதுல ரெண்டு பேர் தை மாசத்தைப் பார்க்கல." அவர் நிறுத்தினார். "கோடு போட எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். இன்னைக்கு இருபது குடுத்தாலும் நான் எந்திரிச்சு வரமாட்டேன். பத்துப் பேராவது பிழைக்கட்டும்னு வாங்கிட்டு வந்துருவேன். அதுவும் அதுக்குத் தெரியும்."

தனுஷ்கோடி பென்சிலால் மேஜையைத் தட்டினார். ஒன்பது உயிர், இந்தப் பெண்ணின் பொறுமையின் பேரில் போகப்போகிறது. கட்டிய தத்துவம் தன்னுடையது.

"எங்க அப்பா," என்றார், "அவசரத்துக்குச் சரக்கை விக்கணும்னா தானாப் போகமாட்டார். பக்கத்துக் கடை கணக்கப்பிள்ளையை அனுப்புவார். கடைசி விலை என்னன்னு அவருக்கே தெரியாது. தெரியாத ஆள்கிட்டேருந்து எதைக் கறக்க முடியும்?"

"அதனால?"

"நீங்க இன்னைக்கு லீவு போடுங்க. தலைவர் விடுப்புல இருந்தாலோ, அன்னைக்கு வேற துறைக்கு உட்கார்ந்தாலோ, இன்னொரு துறைத்தலைவர் அவருக்காக உட்காரலாம்னு விதி இருக்கு."

"நீங்க உட்காருங்களேன்."

"இப்பத்தான இருபதுக்கும் சரினு என் காதுல போட்டீங்க? நான் கெட்டுப்போன பாண்டம். விவரம் தெரியாத ஆள் வேணும். தொழில்நுட்பத் துறை இன்பவல்லி காலையிலயே உட்கார்ந்து அவ துறைக்கு வாங்கிட்டா. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மிச்சம் ஒருத்தர்தான்."

பாத்திமாவின் முகம் மாறியது. "அவரா?"

அவர்தான். பாரம்பரியத் துறைத்தலைவர் கோயில்பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் முப்பது நாளை, ஒரு மணி நேரம்கூடக் குறையாமல் வாங்கிப் போகிறவர். கடற்கரையில் மாதா கோயில் ஒன்றின் பழைய பதிவேடுகள் புயலில் கடல்நீர் குடித்து, காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. தாளைப் பிரித்தால் பொடியாகிவிடும். ஆகவே பிரிக்காமலே ஊடுகதிரில் படமெடுத்து, தாள் தாளாகக் கணினியில் உரித்து, இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர் செத்தவர் பேரையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார். போன வருஷப் பேரவையில் பாத்திமா எழுந்து, செத்தவர்கள் பேரை வாசிக்க முப்பது நாள், சாகப்போகிறவர்களுக்கு இருபத்தாறு நாளா என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பாத்திமா லிஃப்டில் இருந்தால் கோயில்பிள்ளை நான்கு மாடி படியேறினார்.

தனுஷ்கோடி போனபோது அவர் திரையில் ஒரு கறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே. இது 'லூ'வா 'து'வா, சொல்லும்."

"எனக்குக் கறையாத்தான் தெரியுது. விட்டுட்டு அடுத்த வரிக்குப் போமே."

"போலாம்தான். உன் பேரை விட்டுட்டோம்னு, இதுல இருக்கவன்கிட்ட நீரே போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரும்."

தனுஷ்கோடி விஷயத்தைச் சொன்னார். கோயில்பிள்ளை கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"அந்தம்மா என்னை என்ன சொல்லிச்சுனு ஊருக்கே தெரியும். இப்ப அதுக்கு நான் போய் உக்காரணுமாக்கும். சரி, நான் அங்க உக்காந்தா எனக்கு யாரு உக்காருவா? ஒரு ஆளு ஒரு தடவைதான?"

"நான் உக்காருதேன். என் துறைக்கு நாளைக்குத்தான். முப்பது வாங்கித் தாரேன்."

"முப்பத்திரண்டு."

"வருஷா வருஷம் முப்பதுதான வே வாங்குதீரு?"

"அது நான் வாங்குனா. நீரு வாங்குனா முப்பத்திரண்டு. மண்டிக்காரர்னு சொல்லுதீரு, அந்தத் தெறமை ரெண்டு நாளுக்குக்கூடப் பெறாதா?"

தனுஷ்கோடிக்கு உள்ளூரச் சந்தோஷம். கூடக் கேட்கிற மனிதர் வியாபாரத்துக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். "சரி, முப்பத்திரண்டு."

"இன்னொண்ணு. அந்தம்மா நேர்ல வந்து கேக்கணும்."

பாத்திமா வந்தார். வாசலிலேயே நின்றார். "ஐயா, பேரவையில சொன்னதை நான் வாபஸ் வாங்க வரல. முப்பத்தெட்டு நாள் வேணும், பத்தொம்பது பேருக்கு. அதுக்கு மேல எதையும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுனு சார் சொல்லியிருக்கார். முடிஞ்சா போங்க."

கோயில்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாபஸ் வாங்கியிருந்தா போயிருக்க மாட்டேன்," என்றார். "லீவு லெட்டரை எழுதுங்க."

பாரம்பரியத் துறைக்குப் பதினோரு மணி. மருத்துவத்துக்கு மூன்று மணி.

பதினோரு மணிக்குத் தனுஷ்கோடி நாற்காலியில் உட்கார்ந்தார். செப்பு குளிர்ந்திருந்தது. மண்டி முகம் என்று ஒன்று உண்டு. உதடு சற்றே தொங்க, கண் எதிலும் நிலைக்காமல், இந்தச் சரக்கு போனாலும் ஒன்று இருந்தாலும் ஒன்று என்கிற முகம். அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பாரம்பரியத் துறைக்கு எத்தனை நாட்கள் வேண்டும்?" என்றது குரல்.

"முப்பத்திரண்டு."

"இருபத்தெட்டு என்றால்?"

"முடியாது."

"பதினைந்து?"

"பேச்சே இல்லை." அடிவயிற்றிலிருந்து சொன்னார். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. அந்தச் செங்கல் பதிவேடுகளை நினைக்கப் பார்த்தார். ஒரு பேராவது மனசில் வரட்டும் என்று பார்த்தார். வந்ததெல்லாம் மூன்று மணி, பத்தொன்பது படுக்கை.

"ஒன்றுமே இல்லையென்றால்?"

"எழுந்து போய்விடுவேன்," என்றார். எழவில்லை.

"நன்றி," என்றது குரல்.

அவர் வெளியே வந்தபோது கோயில்பிள்ளை பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மங்கிய எழுத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். மங்கிய எழுத்து இல்லை. ஓர் அடி உயரத்துக்குச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது: 0.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

துலாக்கோலை இயக்குகிறவர் தொழில்நுட்பத் துறைத்தலைவர் இன்பவல்லி. கட்டுப்பாட்டு அறையில் தனுஷ்கோடி அவரிடம் கிட்டத்தட்டச் சண்டைக்குப் போனார்.

"எனக்கு அவரோட கடைசி விலை தெரியாதும்மா. தெரியாததை அது எப்படி எடுக்கும்?"

"துறைக்கு என்ன தேவைனு அது பார்க்கறதே இல்ல சார். நாற்காலியில இருக்கிற ஆள் எதுக்கு எந்திரிப்பார்னு மட்டும்தான் பார்க்கும். நீங்க எழுதின சூத்திரம்தானே? அவர் பதிவேட்டுக்காக நீங்க எந்த எண்ணுக்கும் எந்திரிச்சிருக்க மாட்டீங்க." இன்பவல்லி குரலைத் தாழ்த்தினார். "தெரியாததால இல்ல சார். உங்களுக்கு அது வேண்டியதில்ல. அவ்வளவுதான்."

"திருப்ப முடியாதா?"

"பலகையில ஏறினா ஏறினதுதான். திருப்ப வழி வச்சா பேரம் வந்துரும்னு நீங்கதான் வேண்டாம்னீங்க."

தனுஷ்கோடிக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு விலை தெரியாது, உண்மைதான். ஆனால் அவர் அப்பாவுக்கு அத்தை மகன். சரக்கு அடிமாட்டு விலைக்குப் போனால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. அந்தப் பாதியை விட்டுவிட்டுத் தந்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இனி மூன்று மணிக்கு, வாழ்நாள் உழைப்பைப் பூஜ்யத்துக்குப் பறிகொடுத்த ஒரு மனிதர், தன்னைப் பேரவையில் அவமானப்படுத்திய ஒரு பெண்ணுக்காக அந்தத் தகட்டில் கை வைக்கப் போகிறார். வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபம் கை வழியாக இறங்கிவிடும்.

பாத்திமா விடுப்பில் இருப்பதால் பங்கீடு முடியும்வரை கட்டடத்துக்குள் வரக்கூடாது. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடி சொன்னதும் அவர் முதலில் கேட்டது நோயாளிகளைப் பற்றி அல்ல.

"அவரோட பதிவேடு என்னாகும் சார்?"

"அதை விடுங்க. லீவை ரத்து பண்ண முடியுமானு பாருங்க."

"நாளைக்கு முன்னால முடியாது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே பலகையைப் பார்த்துட்டு ஆபீசுக்கு போன் பண்ணிட்டேன்." டீ ஆறிக்கொண்டிருந்தது. "முப்பது நாள் வாங்கித் தர்றேன்னு அவரைக் கூட்டிட்டுப் போனீங்க."

"முப்பத்திரண்டு," என்றார் தனுஷ்கோடி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவர் வரலைன்னா?"

"மனு செல்லாது. ஒரு நாளும் கிடையாது."

மதியம் முழுக்கக் கோயில்பிள்ளையைத் தேடினார். அறை பூட்டியிருந்தது. நூலகத்தில் இல்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. இரண்டே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறைக்கே திரும்பினார்; இன்பவல்லி நாற்காலி அறையின் ஒலிபெருக்கியைத் திறந்துவைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோயில்பிள்ளை முகம் கழுவியிருந்தார்; சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"ஓய், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி.

"ஏதும் சொல்லாதேயும். சொன்னா அதையும் அது படிச்சிரும்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மருத்துவத் துறைக்கு எத்தனை நாட்கள் வேண்டும்?"

"முப்பத்தெட்டு." ஒலிபெருக்கியில் அவர் குரல் தட்டையாக வந்தது.

"முப்பத்தாறு என்றால்?"

பதில் இல்லை. பலகையில் 38 என்பது 36 ஆயிற்று.

"முப்பது?"

பதில் இல்லை. 30. இன்பவல்லி தனுஷ்கோடியின் பக்கம் திரும்பவில்லை. எண் 27க்கு வந்தது, 24க்கு வந்தது. ஜன்னல் வழியே எதிர்ச்சாரியில் பாத்திமா பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. அங்கிருந்தே பலகை அவருக்கும் தெரியும். தனுஷ்கோடி ஒவ்வொரு இரண்டுக்கும் ஒரு ஆளைக் கழித்துக்கொண்டே வந்தார், நிறுத்த முடியவில்லை. ஐந்து பேர். ஏழு பேர்.

"இருபது?"

20.

நீளமாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கோயில்பிள்ளை, "யாரை விடுதது?" என்றார்.

"புரியவில்லை," என்றது குரல்.

"ஆளுக்கு ரெண்டு நாள். இருபதுன்னா ஒம்பது பேரு வெளிய. யாரு அந்த ஒம்பது? பேரைச் சொல்லு."

"அது துறையின் முடிவு."

"இப்ப நாந்தான் துறை. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அம்மா லீவுல இருக்கு. நீ சொல்லு. பெரிய துலாக்கோல்னு பேரு வாங்கியிருக்கல்லா?"

பலகையில் எண் 20ல் நின்று, சிமிட்டி, 24 ஆயிற்று. இன்பவல்லி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஏறுது," என்றார் தனக்குள். "ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட ஏறினதில்ல."

"முப்பத்தி நாலு என்றால்?" என்றது குரல்.

"அப்ப ரெண்டு பேரு. பேரு?"

36.

"முப்பத்தேழு?"

"ஒரு நாள் குறைச்சா ஒரு ஆள்ல பாதி. எந்தப் பாதி, மேலயா கீழயா?" நாற்காலி கிரீச்சிட்டது. "நான் இருவது வருஷமா செத்தவன் பேருல ஒரு எழுத்துப் போச்சுனா சாப்பாடு எறங்காத ஆளு. என்கிட்ட உசுரோட இருக்கவன் பேரைக் கேக்காம கழிக்கச் சொல்லுத. எந்திரிக்கேன், போ."

அவர் உண்மையிலேயே எழுந்துவிட்டார். கை தகட்டை விட்டது. பலகையில் 38 எரிந்தது, அப்படியே நின்றது.

எதிர்ச்சாரியில் பாத்திமா பெஞ்சில் உட்கார்ந்து, நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் அவரிடம் எதையோ கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கோயில்பிள்ளை வெளியே வந்ததும் தாகமாயிருக்கிறது என்றார். தனுஷ்கோடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். கடைசியில் கேட்கக் கூடாததையே கேட்டார்.

"பதிவேடு அடுத்த காத்து வரைக்கும் தாங்குமா வே?"

"தாங்காது. உள்ள உப்பு வேலை செய்யுதுல்லா. மேல் கட்டு ரெண்டு தேறும். அடியில இருக்கது மாவாயிரும்." மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

"நான் வேணும்னு..."

"தெரியும்வே. வேணும்னு செஞ்சா பத்தோ பன்னெண்டோ வந்திருக்கும். பூஜ்யம் தானா வாரது." தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அதில் குத்தல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நாளைக்கு உமக்குத்தான? என்ன கேக்கப் போறீரு?"

"பதினைஞ்சு நாள். இந்த நாற்காலி ஆறு வருஷத்துல யாரை எவ்வளவு தேய்ச்சிருக்குனு கணக்கெடுக்க. எடுத்துக் காட்டினா இதைக் கழட்டிருவாங்க."

"நீரே உக்காந்தா கிடைக்குமா?"

தனுஷ்கோடி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வியர்த்திருந்தன. இன்றைக்குச் செய்த காரியத்துக்குப் பிறகு, எதையாவது தனக்குக் கொடு என்று கேட்க அந்தக் கைகளுக்குத் தெம்பு இல்லை. துலாக்கோல் அதைத் தொட்டவுடன் படித்துவிடும்.

"கிடைக்காது."

"நாளைக்கு எனக்கு வேலை இல்ல," என்றார் கோயில்பிள்ளை. "கணினி இல்லேன்னா எனக்கென்ன வேலை. லீவு லெட்டரை எழுதித் தாரும். நான் வந்து உக்காருதேன்."

ஐம்பது வருஷ மண்டிப் பழக்கம் தனுஷ்கோடியை விடவில்லை. எதிரே நிற்கிறவரை அளந்து பார்த்தார். இந்த மனிதர் எனக்காக எந்த எண்ணுக்கு எழுந்திருப்பார்? பூஜ்யம் வந்தால் நியாயம். கொடுத்ததையே திருப்பி வாங்கிக்கொண்டோம் என்று நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு அவர் பயப்படவில்லை.

பதினைந்தும் முழுசாக வந்துவிட்டால்?

"வேண்டாம் வே," என்றார். "நானே பார்த்துக்கிடுதேன்."

கோயில்பிள்ளை ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, பாத்திமா மேலே வந்த லிஃப்ட் திறப்பதைப் பார்த்துவிட்டு, அவர் வெளியே வரும்வரை அதன் கதவு மூடாமல் இருக்கக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.